ஏழு செமஸ்டரில் முடித்தவள்

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. பட்டமளிப்பு விழாவில் முதலிடம் வாங்கியவருக்குச் சிறப்பு விருந்தினர் பதக்கம் போடமாட்டார். பெட்டியைத் திறந்து நீட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. அம்மாவோ அப்பாவோ மேடையேறி வந்து, பதக்கத்தை எடுத்துப் பிள்ளையின் கழுத்தில் போடவேண்டும். ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தக் கல்லூரியிலும் இப்படி இல்லை என்று முதல்வர் வருடாவருடம் மைக்கில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

முதலாம் ஆண்டில் நாற்காலி போடும் வேலைக்கு எங்களை அழைத்திருந்தார்கள். அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு அப்பா செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு மேடையேறி, நாடாவை மகனின் தலைக்கு மேல் கொண்டுபோனார். அது அவன் போட்டிருந்த தொப்பியில் மாட்டிக்கொண்டது. தொப்பி விழுந்தது, கண்ணாடி விழுந்தது, அரங்கமே சிரித்தது. என் பக்கத்தில் நின்றிருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கம்மா செருப்பே போடமாட்டா. கழத்துத வேலை மிச்சம்" என்றாள்.

சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பதக்கத்தை நானும் மனதுக்குள் என் கழுத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அப்பா இல்லை. அம்மா உப்பளத்தில் வேலை செய்தாள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பி அடிக்கும் வெயிலில் வருடக்கணக்காக நின்று அம்மாவின் கண் கெட்டுக்கொண்டிருந்தது. இனிமேல் உப்பளத்துக்குப் போகக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். போகாவிட்டால் மகள் படிக்கமுடியாது. மகள் படித்து முடிக்க நான்கு வருடம். இந்தக் கணக்கு அவள் தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் யாரிடமும் அழுது சொன்னதில்லை. என்னிடம் சொன்னதுகூட ஏதோ பஸ் டைம் சொல்வது போலத்தான்.

எனக்கு ஊர் பிள்ளைப்பாக்கம். எங்கள் நிலம் கம்பெனிகளுக்குப் போனபிறகு அப்பா அதே கம்பெனிகளில் ஒன்றுக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டினார். வாலாஜாபாத்தில் ஆட்களை ஏற்றி ஒரகடத்தில் இறக்கும் வண்டி. பள்ளிக்கூடத்தில் நான் எல்லா வருடமும் இரண்டாவது. அப்பா ஒருநாளும் அதற்காகத் திட்டியதில்லை. ஆனால் வண்டியில் ஏறுகிறவர்களிடம் "எம் பொண்ணு ஃபர்ஸ்ட்டு" என்றுதான் சொல்லிக்கொள்வார். அவர் சொன்ன பொய்யை நிஜமாக்கிவிடவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

நாங்கள் மூன்றாம் ஆண்டுக்கு வந்தபோது கல்லூரியில் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒன்றிரண்டு பாடம் கூடுதலாக எடுத்துப் படித்தால் எட்டு செமஸ்டர் படிப்பை ஏழிலேயே முடித்துவிடலாம். பாடம் குறையாது, காலம்தான் குறையும். சுற்றறிக்கையைப் படித்துவிட்டு வகுப்பே சிரித்தது. யாருக்கு வேண்டும் இந்தத் தலைவலி. அவள் மட்டும் அன்றைக்கே பேர் கொடுத்தாள்.

"கார்த்திகையில முடிச்சிட்டா தையில வேலைக்குச் சேந்துருவேன். அடுத்த உப்புப் பருவத்துக்கு எங்கம்மா அளத்துக்குப் போக வேண்டாம்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "கண்ணு தெரியும்போதே மேடைக்கு ஏத்திரணும்ட்டி" என்றும் சொன்னாள்.

அதற்கப்புறம் அவள் சாப்பிடும்போதும் படித்தாள். நாங்கள் கேன்டீனில் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டிருக்கும்போது ஜூனியர் வகுப்பிலோ சீனியர் வகுப்பிலோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஏழாவது செமஸ்டரில் ஐந்து பாடத்தோடு ப்ராஜெக்டையும் சேர்த்துச் செய்தாள். அந்த ப்ராஜெக்டை நாங்கள் எட்டாவது செமஸ்டரில் செய்தோம். எங்களுக்கு அந்த அரைவருடம் அது ஒன்றுதான் வேலை. காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். ப்ராஜெக்டுக்கு யாரும் மார்க் குறைக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

அவள் சொன்னபடியே முடித்தாள். சொன்னபடியே தை மாதம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்தாள். பென்னலூரில் நான்கு பெண்களோடு ஒரு அறை. வழியனுப்பு விழா வைக்கவில்லை, ஏனென்றால் வழியனுப்பு விழா எட்டாவது செமஸ்டர் கடைசியில்தான். ஹாஸ்டல் வாசலில் நான் அவளுடைய பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் போனேன். அவ்வளவுதான். அம்மா மட்டும் உடனே வரவில்லை. பருவத்துக்கு வருகிறேன் என்று மேஸ்திரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டாளாம். "மேடைக்குக் கூப்பிடு, அன்னைக்கு வாரேன், வந்தா அங்கேயே இருந்துக்கிடுதேன்" என்று போனில் சொன்னாளாம்.

ஜூன் மாதம் தரவரிசைப் பட்டியல் ஒட்டினார்கள். தற்காலிகப் பட்டியல், ஆட்சேபம் இருந்தால் மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும் என்று கீழே போட்டிருந்தது. முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது என்னுடையது. புள்ளிக்கு அப்புறம் இரண்டாவது இலக்கத்தில் மட்டும்தான் எங்களுக்குள் வித்தியாசம்.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அவளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதையும் சொல்லவேண்டும், அனுப்பியது நான்தான். ஷிஃப்ட்டில் இருந்ததால் உடனே பார்க்கவில்லை. சாயங்காலம் பதில் வந்தது. "அம்மாட்ட சொல்லிட்டேன். தெருவெல்லாம் சொல்லிட்டு வாராளாம்."

அன்று வீட்டுக்கு வந்த அப்பா கைகால் கழுவுவதற்கு முன்னால் கேட்டார்.

"இன்னாமா, லிஸ்ட்டு ஒட்டிட்டாங்களாமே?"

"ரெண்டாவதுப்பா."

"ரெண்டாவதா." துண்டால் முகத்தைத் துடைத்தார். "பரவால்ல வுடு. யாரு ஃபர்ஸ்ட்டு?"

சொன்னேன். அவளை அப்பா நேரில் பார்த்ததில்லை. ஏழு செமஸ்டரில் முடித்துவிட்டுப் போன தூத்துக்குடிப் பெண் என்று மட்டும் தெரியும்.

"அதான் அந்தப் பொண்ணு போயிடுச்சே. போன பொண்ணுக்கு எப்டிமா குடுப்பாங்க? கடைசி ஸ்டாப்பு வரைக்கும் வந்தது நீதானே. முன்னாடியே எறங்கிப் போனவங்களுக்கா மாலை போடுவாங்க?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். என்னால் சாப்பிட முடியவில்லை. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தோன்றியது, தோன்றவேண்டும் என்று நான் விரும்பினேன். அவள் முன்னாடி இறங்கவே இல்லை. அதே கடைசி ஸ்டாப்புக்கு எனக்கு முந்தின பஸ்ஸில், நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தாள். இது இப்போது எனக்கு நன்றாக விளங்குகிறது. அன்றைக்கும் விளங்கியிருக்கும், கொஞ்சம் உட்கார்ந்து யோசித்திருந்தால்.

கல்லூரி விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முதல் இரண்டு வருடமும் தலையணைக்கு உயரம் வைத்துக்கொண்ட புத்தகம். தரவரிசைக்கு உரியவர்கள் யார் என்ற இடத்தில் ஐந்தாவது பிரிவு: "எட்டு செமஸ்டரும் இடைவிடாது பயின்றவர்." புதுத் திட்டம் வருவதற்கு முன்னால் எழுதிய விதி. திட்டம் வந்தபோது யாரும் அதைத் திருத்தவில்லை. எனக்கு அந்த ஒரு வரி போதும் என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் காலை அந்த ஐந்தாவது பிரிவைக் காட்டி ஆட்சேபக் கடிதம் எழுதினேன். கடைசி செமஸ்டரில் அவர் எங்களோடு போட்டியிடவில்லை, போட்டியிடாதவரைப் போட்டியிட்டவர்களோடு சேர்த்து வரிசைப்படுத்துவது நியாயமல்ல என்று நியாயத்தைப் பற்றி இரண்டு பத்தி. எனக்குக் கடிதம் எழுத வராது. வகுப்புக்கு எந்த விண்ணப்பம் எழுதுவதென்றாலும் அவள்தான் எழுதுவாள். பழைய விண்ணப்பம் ஒன்று என் போனில் இருந்தது. அதைப் பார்த்து, பொருள் வரி எப்படி, ஐயா எங்கே, இப்படிக்கு எங்கே என்று அவள் எழுதிய மாதிரியே எழுதி முடித்தேன். அவளுக்கு எதிரான கடிதத்தை அவளிடமிருந்தே காப்பி அடித்தேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா தெரியாது. அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

நான் நினைத்தது இதுதான். அவள் இரண்டாவது ஆவாள், நான் முதலாவது ஆவேன், இடம் மாற்றிக்கொள்வோம். இரண்டாமிடத்துக்கும் மேடையில் பெயர் வாசிப்பார்கள், கையில் சான்றிதழ் கொடுப்பார்கள். பெரிய அநியாயம் ஒன்றும் இல்லை. இப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து இறுதிப் பட்டியல் வந்தது. என் பெயர் முதலில். இரண்டாவதில் அவள் பெயர் இல்லை. மூன்றாவதில் இல்லை. பத்து வரைக்கும் விரலை வைத்துப் பார்த்தேன். எங்குமே இல்லை.

விதிப் புத்தகத்தில் ஆறாவது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஐந்தாவது பிரிவை நிறைவு செய்யாதவர் எந்தத் தரவரிசைக்கும் உரியவர் அல்ல. நான் புத்தகத்தை மூடிய பக்கத்திலேயே, அடுத்த வரியாக இருந்தது. எல்லோரும் ஒரு இடம் மேலே ஏறியிருந்தார்கள். பதினொன்றாவதாக இருந்த பையன் பத்துக்குள் வந்துவிட்டான், அவனுக்கும் சான்றிதழ் உண்டு. எங்கிருந்தோ விஷயம் தெரிந்துகொண்டு எனக்குப் பால்கோவா வாங்கிவந்து கொடுத்தான். "உன்னாலதான்" என்றான். அதை வாங்கிக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

தேர்வு அலுவலகத்துக்குப் போனேன். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கவுன்ட்டரில் இருந்தவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"குட்த்தது குட்த்ததுதாம்மா. நம்பர் போட்டு ஏத்தியாச்சு. ஃபர்ஸ்ட்டு வந்துகினு வேணாம்ன்றியே, இன்னா பொண்ணும்மா நீ? வேணும்னா பிரின்சிபாலாண்ட போய்க் கேளு."

போனேன். முதல்வர் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். கால் மணி நேரம் ஆனது, அரை மணி ஆனது. கல்லூரி வாசலுக்கு அப்பாவின் பஸ் வரும் நேரம். அதை விட்டால் வேறு பஸ் இல்லையா என்று கேட்டால், இருந்தது. நான் எழுந்து போய்விட்டேன். பஸ்ஸில் ஏறியதும் முன் சீட்டுக்காரர்கள் மூன்று பேர் எழுந்து என் கையைக் குலுக்கினார்கள். அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்னால் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் ஒரகடம் கூட்ரோட்டில் அவளைப் பார்த்தேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்டுக் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும் நேரம். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. இளைத்திருந்தாள். ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், அதற்குள் அவளே வந்துவிட்டாள்.

"ஏட்டி, கடுதாசி பாத்தேன். ஆபீஸ்ல கூப்பிட்டு ஒரு காப்பி குடுத்து, விளக்கம் எழுதிக் குடுன்னாவ."

நான் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தேன்.

"நல்லா எழுதியிருந்த. பொருளு ஒரே வரியில முடிச்சிருந்தியே" என்றாள். கிண்டலா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

"நீ ரெண்டாவதா வருவேன்னு நினைச்சேன்" என்றேன். "இப்படி மொத்தமா எடுத்துடுவாங்கன்னு சத்தியமா தெரியாது."

"ஆறாவது பிரிவு படிக்கலயா?"

"படிக்கலை."

"நான் படிச்சேன். பேர் குடுக்கும்போதே படிச்சேன். துறைத் தலைவருகிட்ட போய்க் கேட்டேன். அது பழசும்மா, மாத்திருவோம், நீ போய்ப் படின்னு சொன்னாவ. மறந்துட்டாவ போல. லிஸ்ட்ல எம் பேரப் பாத்ததும் சரி, மாத்திட்டாவன்னு நெனச்சுட்டேன்." அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்தாள். "அம்மாட்ட சொல்லிட்டேன்ட்டி. அது ஒண்ணுதான்."

அவளுடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் திரும்பத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பஸ் போனபிறகுதான் ஞாபகம் வந்தது.

இந்த வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் அன்றைய டார்கெட்டை நேரத்துக்கு முன்னால் முடித்தவர் பெயரைப் போர்டில் எழுதி வைப்பார்கள். இப்போது நானும் அப்படி ஒரு லைனில்தான் வேலை செய்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறை எழுதும்போதும் அவள் ஞாபகம் வருகிறது. சீக்கிரம் முடித்தாய், நல்லது, வெளியே போ என்று எங்கள் கல்லூரி மட்டும்தான் சொன்னது. அதைச் சொல்ல வைத்தது நான். விதி அப்படி இருந்தது என்று கொஞ்ச காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விதி சும்மாதான் கிடந்தது. எடுத்து நீட்டியது என் கை.

செப்டம்பரில் பட்டமளிப்பு விழா. அப்பா புது வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டார். முதல்நாள் ஒத்திகையில் நாடாவை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அவருக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாள் மேடையில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் போட்டார். போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கூட்டத்தில் தேடினேன். வலதுபக்கம், கடைசிக்கு மூன்று வரிசை முன்னால் அவள் கறுப்பு அங்கியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் பட்டம், மொத்தமாகப் பேர் வாசிக்கும் கூட்டத்தில். பக்கத்தில் ஒரு அம்மா, கண்ணுக்கு மேல் கையை வைத்து மேடையைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

விழா முடிந்து பந்தலில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். அவள் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். அந்த அம்மா கால்களில் செருப்பு இல்லை. கண்கள் ஓயாமல் கலங்கியபடி இருந்தன, அழுகையால் இல்லை.

"நீதானாம்மா அது. இவ வாயத் தொறந்தா உன் பேச்சுதான்" என்று என் கன்னத்தைத் தொட்டாள். "கடைசிப் பரிச்சையில நீ முந்திட்டியாம்லா. சொன்னா. அதனால என்ன, யாராவது ஒருத்தருதான முந்த முடியும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதவே எழுதாத ஒரு பரீட்சையில் என்னிடம் தோற்றுப்போனதாக அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறாள். கல்லூரி தன்னை நீக்கிவிட்டது என்று சொல்லவில்லை. நான் கடிதம் எழுதினேன் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு அது ஒரு சந்தர்ப்பம். ஒரு நிமிடம் போதும்.

"ஆமாம்மா" என்றேன்.

அந்த அம்மா பதக்கத்தைக் கையில் எடுத்து, கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாடா என் கழுத்தில் இருந்ததால் நான் குனிந்து நிற்கவேண்டியிருந்தது.

"ஒரு தடவ இவ கழுத்துல போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா தாயி? தெருவுல கேப்பாவ. உடனே கழத்தித் தந்துருதேன்."

நான் அவசரமாக நாடாவைக் கழற்றப் போனேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வேண்டாம்மா. அது அவளுது" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் அப்பா வந்தார். கையில் போன், முகமெல்லாம் சிரிப்பு. பந்தலில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி அங்கியில் இருந்தார்கள். கிட்டே நின்றது அவள். போனை அவளிடம் நீட்டினார். "யம்மா, எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் புடிச்சிக் குடேன்."

அவள் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனை வாங்கினாள். இரண்டடி பின்னால் போனாள். நாடா முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லித் திரும்ப வந்து சரிசெய்துவிட்டுப் போனாள். "சிரிட்டி" என்றாள். நான் சிரித்தேன்.

அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அம்மா பென்னலூரில் அவளோடு இருப்பதாக யாரோ சொன்னார்கள். அப்பா அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் நல்லா எடுத்திருக்காங்களே என்பார்கள். யாரோ ஒரு பொண்ணும்மா, தங்கமான பொண்ணு என்று அப்பா சொல்வார். அது யார் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.